ஐயா வீட்டுப் பிஸ்கட் டின்னில் கிடைத்த ஆறுமுகம் யார்?

காரைக்குடிப் பக்கம் உங்கள் ஐயா வீட்டைச் சுத்தம் செய்தபோது, பிஸ்கட் டின் ஒன்றில் செய்தித்தாளில் வெட்டிய பழைய கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கைகளை நீட்டிப் பாயும் ஒரு கோல்கீப்பர், கீழே பென்சிலில் 'ஆறுமுகம் 78'. உறவில் அப்படி ஒருவர் இல்லை, ஐயா மலேயாவில் இருந்தவர், செட்டிநாட்டில் அந்தக் காலத்தில் கால்பந்தெல்லாம் பார்த்தார்களா என்பது உங்கள் கேள்வி.

படத்தை நான் பார்க்கவில்லை. ஆனாலும் பந்தயம் கட்டத் தயார். அது ஆர். ஆறுமுகம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சிலாங்கூர் மாநில அணிக்கும் மலேசியத் தேசிய அணிக்கும் கோல் காத்தவர். கை ரொம்ப நீளம் என்பதால் அங்கே அவருக்கு 'ஸ்பைடர்மேன்' என்று பட்டப்பெயர். பென்சிலில் இருக்கும் 78 அநேகமாக வருஷம். 1978இல் மலேசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் சிலாங்கூர் சிங்கப்பூரை 4-2 என்று ஜெயித்தது. அந்த எண்ணைக் குறித்து வைக்கிற ஆள் கோலாலம்பூரில் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கியில் இருந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

கால்பந்து பார்த்தார்களா என்றால், பார்க்கவில்லை. கேட்டோம். கடிதத்தில் படித்தோம். பொட்டலம் மடித்த தாளில் படித்தோம். ஊருக்கு வந்தவர்கள் சொன்ன பொய்யை நம்பினோம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதையெல்லாம் ஒருவர் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

நான் தேவகோட்டைக்காரன். வயது எழுபதை நெருங்குகிறது. எங்கள் அப்பச்சி, அதாவது அப்பா, 1949இல் கப்பலேறி கோலாலம்பூர் போனவர். முதலாளியாக இல்லை, சம்பளத்துக்குத்தான். முதலில் பெட்டியடிப் பையன் என்னும் எடுபிடி, அப்புறம் அடுத்தாள் என்னும் உதவியாள். லெபோ அம்பாங் தெருவில் ஒரு கிட்டங்கி. நீளமான ஒரே கூடம், இரண்டு பக்கமும் வரிசையாகச் சாய்வு மேசைப் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் ஒரு மார்க்கா, அதாவது ஒரு நிறுவனம். பகலில் அங்கேதான் வட்டிக் கணக்கு, இரவில் அங்கேயே பாய் விரித்துத் தூக்கம். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருவார், சில மாதம் இருப்பார், போய்விடுவார். இங்கே ஆத்தா, அப்பத்தா, நான், தங்கச்சி. பெரிய வீட்டில் நாலு பேர்.

கொண்டுவிக்க, அதாவது கடல்தாண்டித் தொழில் செய்ய, போன ஆட்கள் எந்த ஊரில் பெட்டி வைத்திருந்தார்களோ அந்த ஊர் அணிதான் இங்கே அவர்கள் வீட்டுக்கும் அணி. இதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். கோலாலம்பூர்க்காரர் வீடு சிலாங்கூர். ஈப்போ, தைப்பிங் பக்கம் இருந்தவர் வீடு பேராக். பினாங்கில் இருந்தவர் பினாங்கு. மூவாரில் பெட்டி வைத்திருந்தவர் ஜொகூர். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிக்காரர்கள் சிங்கப்பூர். எங்கள் தெருவில் மட்டும் சிலாங்கூர் வீடு மூன்று, சிங்கப்பூர் வீடு இரண்டு. பர்மாவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு அணி கிடையாது. அவர்கள் அன்றைக்கு யார் வீட்டில் காபி குடிக்கிறார்களோ அந்த அணி. கல்யாண வீட்டில் சமையல் ஒரு பக்கம் நடக்கும், முகப்பில் பந்தி முடித்த பெரியவர்கள் பாய் போட்டு உட்கார்ந்து சிலாங்கூர் தடுப்பு வீரர் சந்தோக் சிங்கா, சிங்கப்பூர் முன்வரிசையா என்று சண்டை போடுவார்கள். மாப்பிள்ளை வீடு சிங்கப்பூர், பெண் வீடு சிலாங்கூர் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இன்றைக்கு நீங்கள் கிளப் என்று சொல்லும் அர்த்தத்தில் சிலாங்கூர் அப்போது கிளப் அல்ல, மாநில அணி. மலேசியக் கோப்பை அப்போது மாநிலங்களுக்கு இடையே நடந்த போட்டி. 1921இல் எச்.எம்.எஸ். மலாயா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அந்தப் பக்கம் வந்தது. கப்பலுக்குப் பணம் கொடுத்தது மலாய் மாநிலங்கள் என்பதால், கப்பல்காரர்கள் நன்றியாகக் கொடுத்த கோப்பை அது. முதல் வருஷ இறுதி ஆட்டத்திலேயே சிங்கப்பூரும் சிலாங்கூரும்தான் மோதின, சிங்கப்பூர் 2-1 என்று ஜெயித்தது. ஆக எங்கள் தெருச் சண்டைக்கு வயது நூற்றுக்கு மேல். மலாயாக் கோப்பை என்றிருந்த பெயர் 1967இல் மலேசியக் கோப்பை ஆனது. சிங்கப்பூர் தனி நாடான பிறகும் அதில் வந்து ஆடியது. இரண்டு நாட்டுக்கும் நடுவே இருந்த மனத்தாங்கல் எல்லாம் அந்தத் தொண்ணூறு நிமிஷத்தில் வெளியே வரும். சிலாங்கூருக்குச் சிவப்பும் மஞ்சளும். இதுவரை 33 தடவை அந்தக் கோப்பையை வாங்கியிருக்கிறார்கள், கடைசியாக 2015இல்.

சரி, தேவகோட்டையில் உட்கார்ந்துகொண்டு இதை எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் வழி ரேடியோ. வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. அப்போது ரேடியோ வைத்திருக்கவே தபாலாபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டும். பகலில் அது சிலோனுக்கும் திருச்சிக்கும் உரியது, ஆத்தாவும் அப்பத்தாவும் விட மாட்டார்கள். பொழுது சாய்ந்த பிறகு என் கைக்கு வரும். மலேசிய வானொலி சிற்றலையில், அறுபது மீட்டர் பக்கம், இங்கே கிடைக்கும். ஆனால் இருட்டினால்தான். பகல் வெளிச்சத்தில் வானத்தின் கீழடுக்கு அந்த அலையை உறிஞ்சிவிடும், சூரியன் மறைந்ததும் அடுக்கு கலைந்து, அலை மேலே போய்ப் பட்டுத் திரும்பி ஊருக்கு வரும். இதையெல்லாம் கல்லூரியில் படித்துத் தெரிந்துகொண்டது பிற்பாடு. அந்த வயதில் தெரிந்தது ஒன்றுதான்: விளக்கு வைக்கிற நேரம் வந்தால் கோலாலம்பூர் வரும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. மலேசியத் தீபகற்பத்துக் கடிகாரம் அப்போது நம்முடையதைவிடச் சரியாக இரண்டு மணி நேரம் முன்னால். அங்கே விளக்குப் போட்டு ஆடிக்கொண்டிருப்பார்கள், இங்கே மேற்கில் இன்னும் வெளிச்சம் இருக்கும். ஆகவே முதல் பாதி ஆட்டம் முழுக்க அப்பளம் பொரிக்கிற சத்தம். நடுவே மலாய் வர்ணனை ஒரு வார்த்தை, ஜனங்களின் இரைச்சல், மறுபடியும் அப்பளம். இரண்டாவது பாதியில்தான் குரல் தெளியும். சிலாங்கூர் முதல் பாதியில் போட்ட கோல்களை நான் கேட்டதே இல்லை என்று சொன்னால் பாதி உண்மை. ஐப்பசி, கார்த்திகையில் இடி வேறு.

ஏரியல் கம்பியை வளவின், அதாவது வீட்டு நடுக்கட்டின், திறந்த முற்றத்துக்குக் குறுக்கே, மேல்மாடித் தூணிலிருந்து எதிர்த் தூணுக்குக் கட்டியிருந்தேன். அதில் காக்காய் உட்கார்ந்தால் அப்பத்தா விரட்டுவார், எனக்காக இல்லை, கீழே காய்கிற வடகத்துக்காக.

வர்ணனை மலாயில் இருக்கும். எனக்கு மலாய் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டுப் பேச்சில் அந்த ஊர்ச் சொல் ஏற்கெனவே நிறைய இருந்தது. ரப்பரைக் கித்தா என்போம். சீனக் கடைக்காரரைத் தவுக்கே என்போம். எனாமல் பாத்திரத்தை மங்குச் சாமான் என்கிறோமே, அந்த மங்கு மலாய்க்காரர்கள் கிண்ணத்துக்குச் சொல்லும் மங்கோக்கிலிருந்து வந்தது. அப்பச்சி ஊருக்கு வந்திருந்தபோது பந்து விஷயத்துக்கு வேண்டிய பத்துப் பதினைந்து சொல் கற்றுக்கொடுத்தார். மாசூக் என்றால் உள்ளே போய்விட்டது. பெஞ்சாகா கோல் என்றால் கோல்கீப்பர். அது போதும். அந்த மலாய் இரைச்சலுக்கு நடுவே திடீரென்று 'ஆறுமுகம்! ஆறுமுகம்!' என்று கத்துவார்கள் பாருங்கள், அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது. குன்றக்குடி ஆறுமுகத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்த அப்பத்தா முதல் தடவை அதைக் கேட்டுவிட்டு, "அங்கேயும் காவடி எடுக்கிறாங்களா?" என்று கேட்டார். கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டார். நான் விளக்கிச் சொன்ன பிறகு, "பேருக்குத் தக்கபடிதான் பிடிக்கிறான்" என்றார். பன்னிரண்டு கை என்று கணக்குப் போட்டிருப்பார் போலிருக்கிறது.

இரண்டாவது வழி, கடிதம். அப்பச்சியின் நீலநிற ஏரோகிராம் வந்து சேரப் பத்து நாள், சில சமயம் இரண்டு வாரம் ஆகும். மேலே சிவமயம். பிறகு இவ்விடம் சேமம். பிறகு யாருக்கு எவ்வளவு அனுப்பியிருக்கிறது, எந்தப் பற்று அடைபட்டது, வட்டி எவ்வளவு நின்றது என்று தாள் நிறையக் கணக்கு. கடைசியில், ஒட்டுகிற மடிப்புக்குப் பக்கத்தில், எனக்கு ஒரு வரி. அதையும் கணக்காகத்தான் எழுதுவார். 1978 இறுதி ஆட்டத்துக்கு வந்த வரி இன்னும் என்னிடம் இருக்கிறது: 'வரவு 4 பற்று 2'. அவ்வளவுதான். யார் கோல் போட்டது, எப்படிப் போட்டது, ஒன்றும் கிடையாது. ஆத்தா அதை ஏதோ கொடுக்கல் வாங்கல் என்று நினைத்து, நாலில் இரண்டு போக மீதி இரண்டு எங்கே என்று என்னைக் கேட்டார்.

மூன்றாவது வழியில்தான் விவரம் வரும், ஆனால் அது ரொம்பத் தாமதம். யாராவது ஊருக்கு வரும்போது அப்பச்சி சாமான் கொடுத்தனுப்புவார். கோடாலித் தைலம், மைலோ டின், கைலி, மங்குத் தட்டு. மங்கு உரசினால் பூச்சு தெறிக்கும் என்று ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே தாள் வைத்துக் கட்டியிருக்கும். எல்லாம் தமிழ் நேசன், அந்த ஊர்த் தமிழ்ப் பத்திரிகை. அப்பச்சி வேண்டுமென்றே விளையாட்டுப் பக்கத்தை வைத்தாரா, கைக்குக் கிடைத்த தாளை வைத்தாரா என்று நான் கேட்டதில்லை. ஆத்தா தட்டை எண்ணிக்கொண்டிருப்பார், நான் தாளை நீவிக்கொண்டிருப்பேன். ஒரு ஆட்டத்தின் கதை இரண்டு தட்டுக்கு நடுவே பாதி இருக்கும், மீதி வேறு யார் வீட்டு மங்கிலோ போயிருக்கும். சிலாங்கூர் முன்வரிசை வீரர் மொக்தார் டஹாரி பந்தை வாங்கினார் என்று இருக்கும், அடுத்து என்ன ஆயிற்று என்பதற்கு எதிர்வீட்டுக்கு ஓட வேண்டும். அங்கேதான் முதலில் கவனித்தேன், அவர்கள் கால்பந்து என்று எழுதுவதில்லை, காற்பந்து என்று எழுதுகிறார்கள். இலக்கணப்படி அதுவும் சரிதான். எங்கள் தமிழ் ஐயாவிடம் கேட்டபோது, "புணர்ச்சி தெரிந்த ஊர்" என்று மெச்சினார்.

இந்தியப் பத்திரிகைகளில் மலேசியக் கோப்பைச் செய்தி பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. பல நாட்டு அணிகள் கோலாலம்பூரில் ஆடும் மெர்டேக்கா போட்டி வந்தால் மட்டும், இந்தியா அதில் ஆடும் என்பதால், ஒரு மூலையில் போடுவார்கள். இந்தியா 1959இலும் 1964இலும் அதில் இரண்டாம் இடம் பிடித்த காலம் போய், நான் படிக்க ஆரம்பித்தபோது அந்த மூலையும் சுருங்கிக்கொண்டிருந்தது.

நாலாவது வழி ஊருக்கு வருகிற மனிதர்கள். இவர்களைப் பற்றி மட்டும் தனியாக எழுதலாம். எதிர்வீட்டு அண்ணன் ஒருவர், அப்பச்சியைவிடப் பதினைந்து வயது இளையவர், அதே கிட்டங்கியில் வேறு மார்க்காவில் இருந்தவர். 1975 மே மாதம் இங்கிலாந்தின் ஆர்சனல் அணி கோலாலம்பூருக்கு ஆட வந்து 2-0 என்று தோற்றது. இரண்டு கோலும் மொக்தார். அண்ணன் ஊருக்கு வந்து இதை எங்களுக்கு நடித்தே காட்டினார். ஊருணிக் கரையில் சாயங்காலம் பத்துப் பையன்கள் சுற்றி உட்கார்ந்திருப்போம், அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மொக்தாராகவும் ஆகிவிடுவார், வெள்ளைக்காரக் கோல்கீப்பராகவும் விழுவார். 'நான் கோல் கம்பத்துக்குப் பின்னாலதான் உட்கார்ந்திருந்தேன், வலை என் மூக்கில் உரசிச்சு' என்பார். மூன்று விடுமுறை இந்தக் கதை ஓடியது. கடைசியில் அப்பச்சி வந்தபோது பேச்சுவாக்கில் கேட்டேன். அப்பச்சி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அன்னைக்கு அவன் ஈப்போவிலே வட்டி வசூலுக்குப் போயிருந்தானே" என்றார். கணக்குப் புத்தகத்தில் அன்றைய பயணச் செலவு எழுதியிருக்கிறதாம்.

அந்த அண்ணன் சொன்னதில் ஸ்கோரும் கோல் போட்டவரும் சரி, மூக்கு மட்டும்தான் பொய். அந்தக் கதையைக் கேட்டுத்தான் நாங்கள் ஆட ஆரம்பித்தோம். கோடையில் கண்மாய் வற்றினால் அதுதான் மைதானம். கருவேலங்கம்பு இரண்டு நட்டால் கோல். பந்து, உள்ளே பிளாடர் வைத்து வெளியே லேஸ் கட்டுகிற தோல்பந்து, தலையில் பட்டால் லேஸ் தடம் நெற்றியில் பதியும். மொக்தாராக ஆளுக்காள் போட்டி. ஆறுமுகமாக யாரும் வர மாட்டார்கள், வெடித்த கண்மாய்த் தரையில் பாய்ந்து விழ யாருக்கு ஆசை? அதனால் நான்தான் ஆறுமுகம். முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது.

1980 தொடக்கத்தில் நானே போனேன். பட்டப்படிப்பு முடித்து வேலை கிடைக்காமல் இருந்த நேரம். சென்னையிலிருந்து எம்.வி. சிதம்பரம் கப்பல், கிள்ளான் துறைமுகத்துக்கு ஏறக்குறைய ஒரு வாரம். பார்வையாளர் அனுமதிதான், வேலை செய்யக்கூடாது. அப்பச்சியிடம் சிவப்பு அடையாள அட்டை, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி. புது ஆட்களைக் கொண்டுவருவது நின்றுபோயிருந்தது. கிட்டங்கியில் பாதிப் பெட்டிகளுக்குப் பின்னால் ஆளே இல்லை. இருந்தவர்களும் ஐம்பது தாண்டியவர்கள். ராத்திரி பாய் விரித்தால் நடுக்கூடம் காலியாகக் கிடக்கும்.

மெர்டேக்கா ஸ்டேடியம் லெபோ அம்பாங்கிலிருந்து நடக்கிற தூரம். 1957 ஆகஸ்ட் 31 அன்று நாட்டின் விடுதலையை அறிவித்த இடம் அது. அப்பச்சி அன்றைக்கும் போயிருக்கிறார், ஆனால் அதைப் பற்றிச் சொன்னது ஒரே வரி: "கூட்டத்திலே செருப்பு போச்சு." ஏப்ரல் 6ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அங்கே மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டம், மலேசியாவும் தென்கொரியாவும். கிட்டங்கியே கிளம்பியது. வேட்டி கட்டிய எட்டுப் பேர் வரிசையாக நடந்தோம். வாசலில் நம் ஆட்கள் கூம்புப் பொட்டலத்தில் கச்சாங் பூத்தே விற்றார்கள், வறுத்த கடலையும் பட்டாணியும் முறுக்குத் தூளும். அப்பச்சி வாங்கிக் கொடுத்த ஒரே வெளிச் சாப்பாடு அந்தப் பயணத்தில் அதுதான்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் எனக்கு முதலில் தோன்றியது, சத்தம் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே என்பதுதான். அப்பளம் பொரியவே இல்லை. இரண்டாவது, ஆறுமுகம். ரேடியோவில் கேட்டுக் கேட்டு நான் ஒரு பனைமரத்தைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். வந்தவர் ஒல்லியான மனிதர். கை மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் நீளம். முன்னால் சந்தோக் சிங்கும் சோ சின் ஆனும். சின் ஆனுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் தவுக்கே, அதுவும் பொருத்தம்தான், கடையில் உட்கார்ந்து கல்லாவைப் பார்ப்பதுபோல அவசரமே இல்லாமல் நிற்பார். ஒரு சீக்கியர், ஒரு சீனர், பின்னால் ஒரு தமிழர். 1969இல் நடந்த மலாய்க்காரர்-சீனர் கலவரத்தை அந்த ஊரில் இருந்து பார்த்தவர்களுக்கு நடுவே உட்கார்ந்து இதைப் பார்த்தேன் என்பதால் சொல்கிறேன், அந்த மூன்று பேரும் ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டே பந்தை மாற்றியது எனக்குக் கோலைவிட நன்றாக நினைவிருக்கிறது.

கோலையும் சொல்லிவிடுகிறேன். 1-1 என்று நின்றபோது சபா மாநிலத்திலிருந்து வந்த ஹசான் சானி பந்தைக் கொண்டுவர, அதே சபாக்காரர் ஜேம்ஸ் வோங் உள்ளே தள்ளினார். 2-1. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மலாய்க்காரர் அப்பச்சியைக் கட்டிப்பிடித்துவிட்டார். அப்பச்சியை அதற்கு முன் நான் கட்டிப்பிடித்ததில்லை, எங்கள் வீட்டு வழக்கத்தில் அது இல்லை. அவர் இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் கடலைப் பொட்டலத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு பாடுபட்டும் அந்த அணி மாஸ்கோ போகவில்லை. ஆப்கானிஸ்தானில் ரஷ்யப் படை நுழைந்ததற்காக மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது.

ஏப்ரல் கடைசியில் ஊர் திரும்பினேன். அந்த வருஷ மலேசியக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பழையபடி வளவில் உட்கார்ந்துதான் கேட்டேன். சிலாங்கூரும் சிங்கப்பூரும். எதிரே சிங்கப்பூர் வீட்டுப் பையனும் வந்து உட்கார்ந்துகொண்டான், அவர்கள் ரேடியோவில் அன்று வால்வு போய்விட்டதாம். முதல் பாதி வழக்கம்போல அப்பளம். ஆனால் இந்தத் தடவை எனக்கு இடம் தெரியும். இரைச்சல் எந்தப் பக்கப் படிக்கட்டிலிருந்து வருகிறது, விளக்குக் கோபுரம் எங்கே இருக்கிறது, ஆறுமுகம் எப்படிக் கையை விரித்து நிற்பார் என்று எல்லாம் தெரியும். தெரிந்ததால் இன்னும் கஷ்டமாகப் போயிற்று. இருட்டிய பிறகு குரல் தெளிந்தபோது திரும்பத் திரும்ப ஒரே பெயர் வந்தது, ஃபாண்டி, ஃபாண்டி. ஃபாண்டி அகமது, அப்போது இன்னும் இருபதுகூட ஆகாத பையன். அவன் போட்ட கோலில் சிங்கப்பூர் 2-1 என்று ஜெயித்தது. எதிர்வீட்டுப் பையன் சத்தம் போடாமல் எழுந்து போனான். வாசலைத் தாண்டின பிறகு தெருவில் ஒரு கூச்சல் கேட்டது.

பன்னிரண்டு நாள் கழித்து ஏரோகிராம் வந்தது. 'வரவு 1 பற்று 2. பையன் நன்றாக ஆடினான்.' அப்பச்சி எதிரணி ஆளைப் பாராட்டி எழுதிய ஒரே வரி அது. அந்தப் பையன்தான் பிறகு ஹாலந்துக்குப் போய் குரோனிங்கன் அணியில் ஆடி, 1983இல் இன்டர் மிலானுக்கு எதிராகக் கோல் போட்டான். 80க்கு அடுத்த வருஷம், 1981இல், சிலாங்கூர் அதே சிங்கப்பூரை 4-0 என்று திருப்பிக் கொடுத்தது. நியாயமாக எனக்கு அதுதான் பெரிய சந்தோஷமாக இருக்க வேண்டும். ஆனால் மனசில் நிற்பது 80தான்.

அதற்குப் பிறகு விறுவிறுவென்று எல்லாம் மாறியது. 1982 ஜனவரி முதல் தேதி மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்தது. யாருக்கோ வசதிக்காகச் செய்தார்கள், எனக்கு ஆட்டத்தில் இன்னும் அரை மணி நேரம் பகல் வெளிச்சத்தில் போயிற்று. அதே வருஷம் டில்லி ஆசியப் போட்டியில் இந்தியாவும் மலேசியாவும் ஒரே பிரிவில் வந்தன. இந்தியா 1-0 என்று ஜெயித்தது. நான் யார் பக்கம் இருந்தேன் என்று கேட்காதீர்கள். எண்பதுகளின் நடுவில் சிதம்பரம் கப்பல் கடலில் தீப்பிடித்தது, அதோடு அந்தக் கப்பல் பயணம் முடிந்தது. அப்பச்சி அதற்கு முன்பே விமானத்தில் ஊர் வந்து சேர்ந்துவிட்டார், பெட்டியையும் மேசையையும் அங்கேயே விட்டுவிட்டு.

ஆறுமுகம் 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்துபோனார். முப்பத்தைந்து வயது. மொக்தார் 1991 ஜூலையில், நரம்பு நோயில், முப்பத்தேழு வயதில். முதல் செய்தி எங்களுக்குக் கடிதத்தில் வந்தது, பொங்கலுக்குச் சில நாள் முன்னால். அப்பச்சி படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் குன்றக்குடிக்குப் போய்வந்தார். அப்பத்தா அப்போது இல்லை, இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் அங்கே ஆட்டத்தை விற்ற ஊழல் வெளியாகி, வீரர்கள் கூட்டமாகத் தண்டிக்கப்பட்டார்கள், சிங்கப்பூர் 1994க்குப் பிறகு போட்டியைவிட்டு விலகியது. சிங்கப்பூர் இல்லாத கோப்பையில் எங்கள் தெருவுக்கு என்ன இருக்கிறது? அத்தோடு நானும் விட்டுவிட்டேன்.

உங்கள் படத்துக்கு வருகிறேன். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தமிழில் இருந்து, 'காற்பந்து' என்றோ 'வெள்ளி' என்று அந்த ஊர்ப் பணத்தில் விலை போட்டோ இருந்தால் மலேசியப் பத்திரிகை, பெரும்பாலும் தமிழ் நேசன். நடுவே வட்டமாக ஒரு மடிப்பு, ஓரத்தில் லேசாக நீலமோ பச்சையோ ஒட்டியிருந்தால் அது மங்குத் தட்டுக்கு நடுவே வந்த தாள். மடிப்பே இல்லாமல் இருந்தால் ஐயா அங்கேயே வெட்டிப் பத்திரப்படுத்திக் கொண்டுவந்தது. டின்னில் கடிதம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கடைசி வரியைப் பாருங்கள். அப்புறம், ஐயா எந்தத் தெருக் கிட்டங்கியில் இருந்தார் என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா என்று கேளுங்கள். லெபோ அம்பாங் என்றால் எனக்குச் சொல்லுங்கள், அந்த ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை வேட்டி கட்டிக்கொண்டு நடந்த எட்டுப் பேரில் நாலு பேரின் ஊர் மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை.